ஒரு லிட்டருக்குக் கொளஞ்சி சொன்ன பதில்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘நல்லா சொல்லிக் குடுக்குற டீச்சர்’ என்று நான் பெயர் எடுத்தது என் தொண்டையால்தான். நான் ஒரு வரி சொல்வேன். வகுப்பு முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும். அந்தச் சத்தம் வாய்க்கால் மதகு வரைக்கும் கேட்கும். மதகடியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிய நாளில், “இன்னைக்கு லீவா டீச்சர்?” என்று கேட்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பெரம்பலூர்க்காரி. எங்கள் பக்கம் வானத்தைப் பார்த்து விதைக்கிற காடு. முதல் வேலை கிடைத்ததோ தா.பழூரிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில். சுற்றி எங்கே பார்த்தாலும் நெல் வயல், வாய்க்கால், காலை வைத்தால் சேறு. ஜெயங்கொண்டத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். முந்திரிப் பருவத்தில் பிள்ளைகள் சுட்ட கொட்டையை மேல்துணியில் முடிந்து கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். விரலெல்லாம் கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்போடு நான் திருத்திய நோட்டுகளை நினைத்தால் இப்போதும் மனசு இளகிப்போகிறது. எத்தனையோ பள்ளி மாறினேன். கனவில் வருவது அந்த ஓட்டுக் கட்டடம் மட்டும்தான்.

அது ஈராசிரியர் பள்ளி. ஒன்றும் இரண்டும் தலைமை ஆசிரியருக்கு, மூன்று நான்கு ஐந்து எனக்கு. அவரைப் பெரிய சார் என்போம். பேச்சு குறைவு, கண்டிப்பு அதிகம். ஒவ்வொரு நாளும் வேட்டி மடிப்புக் கலையாமல் சைக்கிளில் வந்து இறங்குவார். அந்தக் கலை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அருஞ்சொற்பொருள் என் வகுப்பின் பெருமை. “ஆழி?” என்பேன். “கடல்!” என்று கூரை அதிரும். “கடல்?” “சமுத்திரம்!” “சமுத்திரம்?” “ஆழி!” சுற்றிச் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்போம். அந்த வகுப்பில் கடலைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. நானும் அப்போது பார்த்ததில்லை. அதற்காக நான் ஒரு நாளும் கவலைப்பட்டதும் இல்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். புத்தகத்தில் என்ன பொருள் போட்டிருக்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் பேசுகிற சொல்லைக் கொண்டுவந்தால் அது தப்பு. ஏன் அப்படி ஒரு சட்டம் என்று கேட்டால், எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் அப்படி வைத்திருந்தார்கள், அதுதான் காரணம்.

கொளஞ்சி அப்போது நான்காம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போகிறவர்கள். அவர்கள் தெருவில் நான்காம் வகுப்பு வரைக்கும் வந்த முதல் பெண்பிள்ளை அவள்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கண் மட்டும் முதல் வரிசையில் இருக்கும்.

ஒரு நாள் அளவைகள் பாடம் எடுத்தேன். புத்தகத்தைத் திறக்கும் முன்னால், சும்மா ஒரு தொடக்கத்துக்காக, “லிட்டர் என்றால் என்ன?” என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது, நான்தான் சொல்லப்போகிறேன் என்ற நினைப்பில் கேட்கிற கேள்வி அது. நீங்களும் நாளைக்கு நிறையக் கேட்பீர்கள். கொளஞ்சி கை தூக்கினாள்.

“சீமெண்ணெய், டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, “கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. நில்லு” என்றேன். பாடம் முடியும்வரை அவள் நின்றாள். பத்து மில்லி லிட்டர் ஒரு சென்டி லிட்டர், பத்து சென்டி லிட்டர் ஒரு டெசி லிட்டர், பத்து டெசி லிட்டர் ஒரு லிட்டர், ஆக ஆயிரம் மில்லி லிட்டர் ஒரு லிட்டர். இதை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். “மில்லின்னா என்ன டீச்சர்?” என்று யாரோ கேட்டார்கள். “ரொம்ப ரொம்பச் சின்னது” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் கொளஞ்சி என் மேசைக்கு வந்து, மூச்சு விடாமல் அத்தனையையும் ஒப்பித்தாள். நேராகவும் சொன்னாள், தலைகீழாகவும் சொன்னாள். நான் அவளைத் தட்டிக்கொடுத்து முதல் வரிசைக்கு மாற்றினேன். வருடாந்தர ஆய்வுக்கு அதிகாரி வரும்போது எழுப்பிவிட ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளூர ஒரே குதூகலம்.

இதற்கு நடுவே எங்கள் அலுவலக அறைப் பீரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குக் கற்பிக்கும் கருவிகள் என்று ஒரு பெட்டி கொடுத்திருந்தது. அதில் எடைக்கல், அளவு நாடா, அலுமினியத்தில் கைப்பிடி வைத்த லிட்டர் அளவை எல்லாம் இருந்தன. வந்த காகிதச் சுற்றுகூடப் பிரியாமல் பீரோவில் பூட்டிக் கிடந்தன. வெளியே எடுத்து ஒன்று நசுங்கினாலும் பொருள்பட்டியலைச் சரிபார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாவி பெரிய சாரின் இடுப்பில். இது எங்கள் பள்ளிக்கூடத்துப் பழக்கம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பூட்டிய பீரோவும், அதற்குப் பக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிய அளவைப் பாடமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நான்கடி தூரம்தான். அந்த நான்கடியை நான் ஒரு நாளும் கடக்க நினைத்ததில்லை.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து வாய்க்கால் நிரம்பிய மாதம். நடவு மும்முரம். அந்தத் தண்ணீர் வந்தால் கூடவே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் வரும். கொளஞ்சி இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. ஆய்வு அடுத்த வாரம். உண்மையைச் சொல்கிறேன், அவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க நான் போகவில்லை. ஆய்வு நாளில் வராமல் இருந்துவிடப் போகிறாளே என்ற பதற்றத்தில்தான் மதிய இடைவேளையில் அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கொளஞ்சி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் எட்டு மாதத் தம்பி. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு சங்கு. குழந்தைக்கு அந்தச் சங்கால் ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“உக்காரு, உக்காரு. அம்மா எங்கே?”

“நடவுக்குப் போயிருக்கு டீச்சர். தம்பிக்கு வயித்தால போவுது. நேத்து நர்சம்மா வந்து பாக்கெட்டு குடுத்துச்சு. தண்ணியில கலக்கிக் குடுக்கணுமாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுல்ல, ‘நீ படிச்ச புள்ள, எழுதியிருக்குறதப் பாத்துக் கலக்கிக் குடு’ன்னுட்டுப் போயிருக்கு.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

குழந்தையைப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கை வைத்தால் உடம்பு கொதித்தது. வெறிபிடித்த மாதிரி சங்கைக் கடித்து இழுக்கிறான், இரண்டு வாய் குடிக்கிறான், உடனே கக்கிவிட்டு வீறிடுகிறான். “காலையிலேருந்து இப்படித்தான் டீச்சர். குடுக்கக் குடுக்க இன்னும் தாகம்னு அழுவுறான்” என்றாள். எனக்கு என்னவோ உறுத்தியது. டம்ளரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பென்றால் அப்படி ஒரு உப்பு.

கீழே கிடந்த உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்துப் படித்தேன். ஒரு லிட்டர் குடிநீரில் முழுவதையும் கரைக்கவும் என்று போட்டிருந்தது.

“எவ்வளவு தண்ணியில கலக்கின?”

“ஒரு லிட்டர் டீச்சர்.”

“எதுல அளந்த?”

அவள் டம்ளரைக் காட்டினாள்.

“இது எப்படிம்மா லிட்டராகும்?”

கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டாள். வகுப்பில் நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: “ஆயிரம் மில்லி லிட்டர் ஒரு லிட்டர். மில்லின்னா ரொம்ப ரொம்பச் சின்னதுன்னு சொன்னீங்கல்ல டீச்சர். தண்ணியில ரொம்பச் சின்னது சொட்டுதானே? சொட்டு சொட்டா விட்டுப் பாத்தேன். நூறு சொட்டுக்கு டம்ளர்ல அடியில கொஞ்சமா நின்னுச்சு. ஆயிரத்துக்கு ஒரு டம்ளர் வரும்னு நெனச்சு ஊத்துனேன்.”

அவள் யோசிக்காமல் செய்யவில்லை. நான் கொடுத்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு யோசிக்க முடியுமோ அவ்வளவும் யோசித்திருந்தாள். என் பாடம் வரிக்கு வரி அவள் வாயில் இருந்தது. கையில்தான் ஒன்றும் இல்லை.

அந்தக் கரைசலைக் கீழே கொட்டினேன். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினேன். கொளஞ்சி பின்னாலேயே ஓடிவந்தாள். நடவு வரிசையில் குனிந்திருந்த அவள் அம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு வந்தாள். மருத்துவம் எனக்கு என்ன தெரியும்? உப்பு அதிகமாகிவிட்டது, வேறு எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது, அம்மாவின் பால் மட்டும் கெடுதல் செய்யாது என்று தோன்றியது. “பால் குடும்மா, நடந்துகிட்டே குடு” என்றேன். மூவருமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரி இருப்பது தா.பழூரில். அடுத்த பஸ் சாயங்காலம்தான்.

பெரிய சார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிட்டார். “ஏறி உக்காரும்மா” என்றார். அந்தத் தெருக்காரர் யாரும் அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அந்த ஊர் பார்த்ததில்லை. கொளஞ்சியின் அம்மா தன் சேற்றுக்காலைப் பார்த்துத் தயங்கினாள். “சேறு காஞ்சா உதுந்துரும். ஏறு” என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வயிற்றுப்போக்கு முற்றிவிட்டது என்று மட்டும் டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாம். பொய் இல்லை. என் பெயர் வெளியே வராது, கொளஞ்சிக்கும் அடி விழாது. ஆனால் டாக்டருக்கு விஷயம் தெரியாவிட்டால், அங்கேயும் அதே உப்புக் கரைசலைக் கொடுத்துவிட்டால்? ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ‘ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரே டம்ளரில் கரைத்துக் காலையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். வாந்தி இருக்கிறது.’ எழுதியதைப் பெரிய சாரிடம் கொடுக்கும்போது வாய்விட்டும் சொன்னேன், வழியில் தாள் பறந்துவிட்டாலும் சேதி போய்ச்சேர வேண்டுமே என்று.

அதைக் கேட்டதும் அந்த அம்மா கேரியரிலிருந்தபடியே கொளஞ்சியை ஓங்கி ஓர் அறை விட்டாள். “எம் புள்ளயக் கொன்னுட்டியேடி” என்று ஒரு கத்தல். சைக்கிள் போய்விட்டது. போகும்போது பெரிய சார் சாவிக் கொத்தை என் கையில் திணித்துவிட்டு, “பசங்களப் பாத்துக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

ஐந்து வகுப்பும் என் கையில். யாரையும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை. கொளஞ்சி சுவரோரம் நின்றாள். அழக்கூட இல்லை. “தப்பாவா கலக்குனேன் டீச்சர்? எழுதியிருந்த மாதிரிதானே?” என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். கையில் சாவி இருந்தது. போய் பீரோவைத் திறந்தேன்.

லிட்டர் அளவையின் காகிதச் சுற்றைப் பிரித்தேன். பளபளவென்று இருந்தது. குடத்தையும் ஒரு டம்ளரையும் எடுத்துவைத்து, “நீயே ஊத்திப் பாரு” என்றேன். கொளஞ்சி ஊற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. டம்ளர் உள்ளே கவிழக் கவிழ அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஐந்தாவது டம்ளரில் தண்ணீர் விளிம்பு தொட்டது. அவள் அளவையின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

“இது ரேஷன் கடையில சீமெண்ணெய் அளக்குற ஏனம்தானே டீச்சர்?”

“ஆமாம்.”

“அந்த லிட்டரும் பொஸ்தகத்துல இருக்குற லிட்டரும் ஒண்ணா?”

“ஒண்ணுதான்மா.”

அவள் அளவையைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. புரியாமல்தான் கேட்டாள். “நான் மொதல்லயே சொன்னேனே டீச்சர், சீமெண்ணெய்னு. நீங்கதானே தப்புன்னீங்க?”

மாதா மாதம் டின்னைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றவள் அவள். லிட்டரைக் கண்ணால் பார்த்தவள், கையால் தூக்கியவள். அந்த வகுப்பில் லிட்டர் என்றால் என்ன என்று உண்மையிலேயே தெரிந்த ஒரே பிள்ளையை நான் நிற்கவைத்து, அவளுக்குத் தெரிந்தது தப்பு என்று மனப்பாடம் செய்யவைத்திருந்தேன். அவளும் நல்ல பிள்ளையாக, கடை லிட்டர் வேறு, பள்ளிக்கூடத்து லிட்டர் வேறு என்று வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் பிள்ளைகள் முன்னால் அழுதேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம் கொளஞ்சி, தப்பு என்மேலதான்” என்றேன்.

சாயங்காலம் பெரிய சார் தனியாகத் திரும்பி வந்தார். வேட்டி மடிப்பு முதல்முறையாகக் கலைந்திருந்தது, முதுகுப் பக்கமெல்லாம் சேறு. குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மருந்து ஏறுகிறது, பாதிக்கு மேல் கக்கிவிட்டதும் இடையில் தாய்ப்பால் குடித்ததும் நல்லதாகப் போயிற்று, இன்னும் இரண்டு நாள் போனால்தான் தைரியமாகச் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். திறந்து கிடந்த பீரோவையும், தரையில் தண்ணீருக்கு நடுவே இருந்த லிட்டரையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் அதை எடுத்துத் துடைத்து, என் மேசைமேல் வைத்தார். “இது இனிமே வெளியிலயே இருக்கட்டும் டீச்சர். கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்றார். சாவியைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் குழந்தை தப்பித்துவிட்டான் என்று சேதி வந்தது. அதைச் சொன்னவர் கொளஞ்சியின் அப்பா. பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுகொண்டு, “அத்தோட இன்னொண்ணும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சரம்மா. கொளஞ்சி இனிமே வராது. படிச்ச புள்ளன்னு நம்பித்தானே குடுத்தோம்” என்றார்.

நான் வெளியே போய் அவர் எதிரில் நின்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் சொன்ன சரியான பதில், நான் சிரித்தது, நிற்கவைத்தது, சின்னது என்று சொல்லித் தாண்டிப் போனது, எதையும் விடவில்லை. “உங்க பொண்ணு தப்பு பண்ணலைங்க. நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செஞ்சா. தண்டனை கொடுக்கிறதா இருந்தா எனக்குக் கொடுங்க, அவ படிப்பை நிறுத்தாதீங்க” என்றேன். வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் தோள் துண்டை எடுத்து உதறிக்கொண்டு சொன்னார்: “லிட்டருக்கு எவ்ளோ புடிக்கும்னு நாங்களே காமிச்சிருப்பமே டீச்சரம்மா. அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்?”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அதைவிடக் கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் அவர்கள் தெருவுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உட்காரப் பாய் போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கொளஞ்சியைப் பற்றிய பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரமாகவே நின்றாள். மூன்றாவது நாள் நான் போகவில்லை. எனக்கும் மானம், ரோசம் எல்லாம் உண்டே.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வாசலில் கொளஞ்சியின் அம்மா வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு சொம்பு. அவளுக்குப் பின்னால் கொளஞ்சி, புத்தகப் பையோடு.

“டீச்சரம்மா, நர்சம்மா மறுபடியும் பாக்கெட்டு குடுத்திருக்கு. லிட்டரு லிட்டருன்னு எங்களுக்கு வாயால சொல்லிட்டுப் போயிடுது. கடக்காரரு அளவையக் குடுப்பாரா? இங்க ஒண்ணு இருக்குன்னு இவ சொன்னா. இந்தச் சொம்புல ஒரு லிட்டரு எதுவரைக்கும் வருதுன்னு ஒரு கோடு போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. எழுத்து வேணாம். கோடு போதும்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? உங்க பொண்ணு போடுவா” என்றேன்.

கொளஞ்சி லிட்டரை நிரப்பிச் சொம்பில் ஊற்றினாள். கழுத்துக்குக் கீழே தண்ணீர் நின்ற இடத்தில் ஆணியால் கீறினாள். அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், கட்டை விரலால் தடவினாள். பிறகு மகளின் தலையையும் ஒரு தடவு தடவிவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். கொளஞ்சி அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அந்தத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராகச் சொம்போடு வர ஆரம்பித்தார்கள். பிறகு நடுத்தெருவிலிருந்தும் வந்தார்கள். லிட்டரைத் தெருவுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். சின்னச் சொம்புக்காரிக்கு அரை லிட்டரில் கோடு போட்டு, இரண்டு தடவை ஊற்றினால் ஒரு லிட்டர் என்று சொல்லிக் கொடுத்தது, நீர் தளும்பாமல் பிடிக்கச் சொல்லி அதட்டியது எல்லாம் கொளஞ்சிதான். லிட்டர் திரும்பி வந்தபோது பக்கவாட்டில் நல்ல நசுங்கல். பெரிய சார் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டார், அவ்வளவுதான்.

ஆய்வு வந்தது. அதிகாரி நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார். நசுங்கிய லிட்டரைத் தூக்கி, “இது ஏன் இப்படி இருக்கு?” என்றார். “புழங்குறதுங்க” என்றார் பெரிய சார். அதிகாரி வகுப்பைப் பார்த்து, “லிட்டர் என்றால் என்ன? யார் சொல்றீங்க?” என்று கேட்டார். நான் யாரையும் கண்காட்டவில்லை. கொளஞ்சி தானாக எழுந்தாள். எழுந்தவள் உடனே சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

“சீமெண்ணெய் அளக்குறது சார். எங்க வூட்டு டம்ளர்ல அஞ்சு.”

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி புருவத்தைத் தூக்கி, “ஆயிரம் மில்லி லிட்டர்னு சொல்லித்தரலையா?” என்று என்னிடம் கேட்டார். போகும்முன் பதிவேட்டில் ஒரு வரி எழுதினார்: அளவை வாய்பாடுகளில் மனப்பாடப் பயிற்சி போதவில்லை. என் பணிக்காலத்தில் எனக்கு வந்த முதல் குறை அதுதான். பெரிய சார் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, நான் அறிந்து ஒரே ஒரு முறை, வாய்விட்டுச் சிரித்தார்.

நீங்கள் வாய்பாடு சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொளஞ்சியும் பிறகு அதை நன்றாகவே சொன்னாள், மில்லி லிட்டர் எவ்வளவு என்பதை மருந்து மூடியில் ஊற்றிக் காட்டியபடி சொன்னாள். நான் கேட்டுக்கொள்வதெல்லாம் ஒன்றுதான். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு பதிலைச் சொல்லும்போது, தப்பு என்று சொல்லும் முன்னால், “எப்படிச் சொல்றே?” என்று கேட்டுவிடுங்கள். நான் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ரேஷன் கடையும் டின்னும் அளவையும் அன்றைக்கே என் வகுப்புக்குள் வந்திருக்கும்.

அதிகாரி எழுதியதை நான் சீக்கிரமே மறந்துவிட்டேன். மறக்க முடியாதது, சொல்லும் முன்னால் கொளஞ்சி என்னைப் பார்த்த பார்வைதான். டின் தூக்கிய கை, ஊர்ச் சொம்புகளிலெல்லாம் கோடு போட்ட கை. அப்படியிருந்தும், தனக்குத் தெரிந்ததைச் சொல்ல அவள் என் தலையாட்டலுக்காகக் காத்து நின்றாள். அப்படி நிற்கக் கற்றுக் கொடுத்தவளும் நான்தான்.